தேனும் புரோபோலிஸும் ரத்தக் குழாய் வளர்ச்சியில என்ன பண்ணுது? ஆரம்பத்துல இருந்து ஒரு விளக்கம்

தேன்கூட்டுல இருந்து வர்ற எந்தப் பொருளா இருந்தாலும் "ரத்த ஓட்டத்துக்கு நல்லது, ரத்தக் குழாயை வளர்க்கும்"னு ஒரு வரி போட்டு வாட்சப்புல சுத்திக்கிட்டே இருக்கு. தேன் விக்கறவங்களும் அதையே சொல்றாங்க, புரோபோலிஸ், அதாவது தேனீ கூட்டுல பூசற மரப்பிசின், அதுல செஞ்ச சொட்டு விக்கறவங்களும் அதையே சொல்றாங்க, ராணித் தேனீக்கு ஊட்டற ராயல் ஜெல்லியோட கேப்ஸ்யூல் டப்பாவுலயும் அதேதான். ஆனா லேப்ல இதையெல்லாம் சோதிச்சுப் பார்த்தவங்க கண்டது வேற மாதிரி இருக்கு. புண்ணுல போடற தேன் புது ரத்தக் குழாய் முளைக்கறதுக்கு உதவற பக்கம் நிக்குது, அதே கூட்டுல இருக்கற புரோபோலிஸ் பெரும்பாலும் அந்த முளைப்பைத் தடுக்கற பக்கம் நிக்குது. அப்ப எது நல்லதுன்னு கேட்டா, உடம்புல எந்த இடத்தைப் பத்திக் கேக்கறீங்கன்னு திருப்பிக் கேக்காம பதில் சொல்லவே முடியாது.

முதல்ல ரத்தக் குழாய் எப்படி வளருதுன்னு பார்த்துடுவோம், இது தெரியாம தேனைப் பத்திப் பேசி பிரயோஜனம் இல்ல.

ரத்தத்துல இருந்து ஆக்சிஜன் திசுக்குள்ள கசிஞ்சு போகக்கூடிய தூரம் ரொம்பக் கம்மி, சுமாரா 100ல இருந்து 200 மைக்ரோமீட்டர், அதாவது ரெண்டு தலைமுடி தடிமன் அளவுக்குத்தான். அதனால உயிரோட இருக்கற எந்த செல்லுக்கும் பக்கத்துலயே ஒரு நுண்ணிய ரத்தக் குழாய் இருந்தாகணும். ஒரு இடத்துல திசு புதுசா வளருது, இல்ல அடிபட்டு இருந்த குழாயெல்லாம் அறுந்துபோச்சுன்னா அங்க இருக்கற செல்லுக்கு மூச்சு முட்டும். அப்ப அது சும்மா இருக்காது. ஊருக்கு வெளியில புது நகர் வந்தா மெயின் பைப்புல இருந்து கிளை இழுக்கற மாதிரி, ஏற்கனவே இருக்கற ரத்தக் குழாயில இருந்து கிளை இழுத்துக்க ஆள் அனுப்பும்.

அந்த ஆள் அனுப்பற வேலை எப்படி நடக்குதுன்னா, செல்லுக்குள்ள எச்ஐஎஃப்னு ஒரு புரதம் இருக்கு. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது செல் இந்தப் புரதத்தை உண்டாக்கின வேகத்துலயே அழிச்சுக்கிட்டும் இருக்கும், அழிக்க வேண்டியதுன்னு அதுமேல ஒரு நொதி குறி வைக்கும், அந்தக் குறி வைக்கறதுக்கே ஆக்சிஜன் வேணும். ஆக்சிஜன் குறைஞ்சா குறி விழாது, புரதம் அழியாம சேர்ந்து நியூக்ளியஸுக்குள்ள போய் ஒரு பட்டியல் ஜீன்களைத் தட்டி எழுப்பும். இந்த விஷயத்தைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா மூணு பேருக்கும் 2019ல மருத்துவ நோபல் கொடுத்தாங்க. அப்படி எழும்பற ஜீன்ல முக்கியமானது விஇஜிஎஃப், அதாவது ரத்தக் குழாயோட உட்சுவர் செல்களை வளரச் சொல்ற ஒரு சிக்னல் புரதம். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இதுதான் வரும்.

விஇஜிஎஃப் கசிஞ்சு பக்கத்துல இருக்கற குழாய்க்குப் போனதும், அந்தக் குழாயோட உட்சுவர்ல இருக்கற செல்கள்ல, இதுக்கு எண்டோதீலியல் செல்னு பேரு, ஒண்ணு முன்னாடி வரும். மெல்லிசா விரல் விரலா நீட்டிக்கிட்டு விஇஜிஎஃப் எந்தப் பக்கம் அதிகமா இருக்கோ அந்தப் பக்கம் நகரும், வழியில இருக்கற சவ்வைக் கரைக்க நொதிகளை விடும், பின்னாடி இருக்கற செல்கள் பெருகி அதைத் தொடர்ந்து வரும், அப்புறம் நடுவுல ஓட்டை விழுந்து குழாயாகி இன்னொரு குழாயோட போய்ச் சேர்ந்து ரத்தம் ஓட ஆரம்பிக்கும். பெரியவங்க உடம்புல இந்த வேலை பெரும்பாலும் அமைதியாத்தான் இருக்கும். புண்ணு ஆறும்போது, மாதவிடாய் சுழற்சியில கருப்பை உள்சுவர் வளரும்போது, கர்ப்பத்துல, நல்லா உடற்பயிற்சி பண்ற தசையில, இந்த மாதிரி சில இடத்துலதான் முழிச்சுக்கும்.

தப்பான இடத்துல முழிச்சுக்கிட்டா என்ன ஆகும்? புற்றுநோய்க் கட்டி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வளரணும்னா அதுக்குன்னு ரத்தக் குழாய் வேணும், அதை நிறுத்திட்டா கட்டியைப் பட்டினி போடலாம்னு 1971லயே ஜூடா ஃபோக்மன்ங்கற அமெரிக்க சர்ஜன் எழுதினாரு, ரொம்ப நாள் யாரும் பெருசா நம்பல. 2004ல விஇஜிஎஃப்பைப் பிடிச்சு முடக்கற பெவாசிசுமாப் மருந்து குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு. அந்த மருந்து விஷயத்துல ஒண்ணு கவனிங்க, பெரிய ஆபரேஷன் முடிஞ்சா குறைஞ்சது 28 நாள் கழிச்சு, புண்ணு முழுசா ஆறினப்புறம்தான் அதைக் கொடுக்கணும்னு விதி இருக்கு. கட்டிக்குப் போற குழாயைத் தடுக்கற மருந்து ஆபரேஷன் தையல் ஆற வேண்டிய குழாயையும் தடுத்துடும், அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இன்னும் பக்கத்துல இருக்கற உதாரணம் சுகர். பல வருஷம் சுகர் கட்டுப்பாடு இல்லாம இருந்தா கண்ணோட விழித்திரையில நுண்ணிய குழாய்கள் அடைபட்டுப் போகும், அங்க ஆக்சிஜன் குறையும், விஇஜிஎஃப் கொட்டும், புதுசு புதுசா குழாய் முளைக்கும், ஆனா அந்தக் குழாயெல்லாம் பலமில்லாம கசியும், உடைஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் கட்டிப் பார்வை போகும். அதுக்குத்தான் கண் டாக்டருங்க விஇஜிஎஃப்பை முடக்கற ஊசியைக் கண்ணுக்குள்ளயே போடறாங்க. இப்ப அதே ஆளோட பாதத்துக்கு வாங்க, அங்க ஒரு சின்னப் புண்ணு மாசக்கணக்குல ஆறாம இருக்கு, காரணம் பல, அதுல ஒண்ணு அங்க முளைக்க வேண்டிய புதுக் குழாய் போதுமான அளவு முளைக்கலங்கறது. ஒரே உடம்பு, கண்ணுல தேவைக்கு மேல முளைக்குது, கால்ல தேவைக்குக் கூட முளைக்கல. இந்த ஆள்கிட்ட போய் "இதைச் சாப்பிடுங்க, ரத்தக் குழாய் வளரும்"னு சொன்னா அது எந்த இடத்துல வளரணும்னு சொல்றோம்? "இதைச் சாப்பிடுங்க, தப்பான குழாய் வளராது"ன்னு சொன்னாலும் அதே கேள்விதான். எனக்கு இந்த வாட்சப் ஃபார்வர்டு மேல இருக்கற கோபமே இங்கதான், படிக்கறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல சுகர் இருக்கு.

சரி, இப்ப தேன்கூட்டுக்கு வருவோம்.

புரோபோலிஸ்ங்கறது தேனீ உண்டாக்கற பொருள் இல்ல, தேடி எடுத்துட்டு வர்ற பொருள். மரத்தோட மொட்டுலயும் பட்டையிலயும் கசியற பிசினைத் தாடையால கிள்ளி, பின்னங்கால்ல மகரந்தம் வைக்கற அதே கூடையில ஒட்டிக்கிட்டு வரும், அது அவ்வளவு பிசுபிசுப்பு, வந்த தேனீயால தானா இறக்க முடியாது, கூட்டுல இருக்கற மத்த தேனீங்க வந்து கொஞ்சம் கொஞ்சமா இழுத்து எடுக்கும். அதுல மெழுகைக் கலந்து கூட்டோட விரிசலை அடைக்கும், உள்சுவர்ல பூசும், கிருமி வராது. சுமாரா பாதி பிசின், 30 சதவீதம் மெழுகு, மீதி வாசனை எண்ணெய், மகரந்தம் இப்படி. எந்த மரத்துப் பிசினோ அதைப் பொறுத்து உள்ள இருக்கற ரசாயனம் மாறிடும். ஐரோப்பாவுலயும் சீனாவுலயும் பெரும்பாலும் பாப்லர் மரம், அதுல கேப்ங்கற பொருள் இருக்கு, காஃபியிக் ஆசிட்ல இருந்து வர்ற ஒரு எஸ்டர். பிரேசில்ல பச்சை புரோபோலிஸ்னு ஒண்ணு, அது பாக்கரிஸ் செடியில இருந்து வருது, அதுல ஆர்டெபிலின் சி இருக்கு. நம்ம ஊர் அடுக்குத் தேனீ பிசின் சேர்க்கறது ரொம்ப அபூர்வம், கொசுத்தேனீ நிறைய சேர்க்கும், ஆனா ஆராய்ச்சியில வர்றதும் கடையில பாட்டில்ல வர்றதும் பெரும்பாலும் மெல்லிஃபெரா இனத் தேனீயோடது, அதாவது பெட்டியில வளர்க்கற ஐரோப்பியத் தேனீயோடது. அதனால ஒரு நாட்டுப் புரோபோலிஸ்ல பார்த்த ரிசல்ட்டை இன்னொரு நாட்டுப் பாட்டிலுக்கு அப்படியே ஒட்ட முடியாது, இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

இது ரத்தக் குழாயைத் தடுக்குதான்னு எப்படிப் பார்க்கறாங்க? எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை கோழி முட்டை சோதனை. கரு உள்ள முட்டையை இன்குபேட்டர்ல சில நாள் வச்சு, ஓட்டுல சின்னதா ஒரு ஜன்னல் வெட்டுவாங்க. உள்ள கருவைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு, அதுல சிவப்புக் கோடு கோடா ரத்தக் குழாய் வேர் மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு பரவிக்கிட்டே இருக்கறது வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தச் சவ்வு மேல சோதிக்க வேண்டிய பொருள்ல நனைச்ச ஒரு சின்ன வில்லையை வச்சு ஜன்னலை மூடிடுவாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சுத் திறந்து பார்த்தா, பொருள் தடுக்கற வகைன்னா வில்லையைச் சுத்தி குழாய் இல்லாம வெளுத்த வட்டம் தெரியும், தூண்டற வகைன்னா குழாயெல்லாம் வில்லையை நோக்கித் திரும்பி ஆரம் ஆரமா வந்திருக்கும்.

இன்னொண்ணு செல் சோதனை. பிரசவத்துக்கு அப்புறம் கிடைக்கற தொப்புள்கொடியோட ரத்தக் குழாயில இருந்து எண்டோதீலியல் செல்லை எடுத்து ஒரு விதமான புரத ஜெல் மேல விட்டா, சில மணி நேரத்துல அதுங்க தானா ஒண்ணோட ஒண்ணு கைகோத்து வலை மாதிரி குழாய் கட்டும். அதுல விஇஜிஎஃப் ஊத்தி வேகமாக்கி, கூடவே புரோபோலிஸும் ஊத்தி வலை எவ்வளவு கட்டுதுன்னு எண்ணுவாங்க.

2009ல ஜப்பான்ல ஒரு ஆராய்ச்சிக் குழு இந்தத் தொப்புள்கொடி செல்லை வச்சு புரோபோலிஸ், ராயல் ஜெல்லி, மகரந்தம் எல்லாத்தையும் வரிசையா சோதிச்சாங்க. விஇஜிஎஃப் தூண்டின செல் பெருக்கத்தையும் நகர்வையும் தடுக்கறதுல புரோபோலிஸ்தான் பலமா இருந்துச்சு, அதுலயும் சீனச் சிவப்பு புரோபோலிஸும் கேப்பும் முன்னாடி. ராயல் ஜெல்லியில இருக்கற 10-எச்டிஏங்கற கொழுப்பு அமிலமும் தடுக்குதுன்னு அதே குழு தனியா ஒரு பேப்பர் போட்டாங்க. பிரேசில் புரோபோலிஸோட ஆர்டெபிலின் சி குழாய் கட்டறதைக் குறைக்குதுன்னு 2007லயே இன்னொரு பேப்பர் வந்திருக்கு.

எப்படித் தடுக்குதுன்னா ஒரே வழியில இல்ல. செல்லுக்குள்ள அழற்சியைக் கிளப்பற என்எஃப்-கப்பா-பி னு ஒரு சுவிட்சை கேப் அணைக்குதுங்கறது 1996ல இருந்தே தெரியும், அந்த சுவிட்ச் அணைஞ்சா விஇஜிஎஃப் மாதிரி சிக்னலும் சவ்வைக் கரைக்கற நொதியும் குறையும். ஆனா இங்க ஒரு திருப்பமும் இருக்கு. முன்னாடி எச்ஐஎஃப் மேல குறி வைக்கற நொதின்னு சொன்னேன்ல, அந்த நொதியையும் கேப் தடுக்குதுன்னு ஒரு ஆய்வு காட்டிச்சு. அந்த நொதி வேலை செய்யலன்னா எச்ஐஎஃப் அழியாது, விஇஜிஎஃப் கூடும், அதாவது குழாய் வளர்ற திசை. ஒரே பொருள் ஒரு வழியில பிரேக், இன்னொரு வழியில ஆக்ஸிலரேட்டர். எந்த செல், எவ்வளவு அளவு, எவ்வளவு நேரம்ங்கறதைப் பொறுத்துதான் கடைசியில எந்தப் பக்கம் சாயும்னு தெரியும், "புரோபோலிஸ் ரத்தக் குழாயைத் தடுக்கும்"னு ஒத்தை வரியில முடிக்கறதும் சரியில்லைங்கறதுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

இப்ப தேன். இது எதிர்ப்பக்கம். 2010ல இங்கிலாந்துல ஒரு குழு எலியோட பெருந்தமனியை வளையம் வளையமா நறுக்கி ஜெல்லுல பதிச்சு, ஒவ்வொரு வளையத்துல இருந்தும் புதுக் குழாய் எவ்வளவு முளைக்குதுன்னு பார்த்தாங்க. நீர்த்த தேன் சேர்த்தப்ப முளைப்பு அதிகமாச்சு. ஏன்னு கேட்டா ரெண்டு மூணு காரணம் சேர்ந்து வருது. பூந்தேனைக் கூட்டுக்குக் கொண்டு வரும்போது தேனீ அதுல குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு நொதியைக் கலக்குது, கெட்டித் தேன்ல அது தூங்கிக்கிட்டு இருக்கும், புண்ணுல கசியற நீர் பட்டு தேன் இளகினதும் முழிச்சுக்கிட்டு மெல்ல மெல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு விடும். பாட்டில்ல வாங்கி புண்ணுல ஊத்தற அளவுக்கு இருந்தா அது செல்லையே சுடும், ஆனா இந்த மாதிரி ரொம்பக் கொஞ்சமா வரும்போது கிருமியையும் அடக்கும், செல்லுக்கு ஒரு சிக்னலாவும் இருந்து விஇஜிஎஃப்பைத் தூண்டும். அதோட தேன்ல இருக்கற சில தேனீப் புரதங்கள் நம்ம வெள்ளணுக்களைத் தட்டி எழுப்பி குணமாக்கற சிக்னல்களை விட வைக்குது.

மனுஷங்ககிட்ட பார்த்ததுல தேனுக்குத்தான் உருப்படியான ஆதாரம் இருக்கு, அதுவும் சாப்பிடறதுக்கு இல்ல, புண்ணுக்கு மேல போடறதுக்கு. மருத்துவ ஆய்வுகளை ஒண்ணுசேர்த்து அலசற காக்ரேன் அமைப்போட 2015 தொகுப்பு, அதுவரைக்கும் நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆழம் கம்மியான தீக்காயம் வழக்கமான டிரெஸ்ஸிங்கைவிட தேன் வச்சா சுமாரா நாலஞ்சு நாள் முன்னாடியே ஆறுதுன்னு சொல்லிச்சு. சுகர் பாதப் புண்ணுக்கு மட்டும் தெளிவா ஒண்ணும் சொல்ல முடியலன்னு விட்டுட்டாங்க. நியூசிலாந்துப் பக்கம் மனுகா செடிப் பூவுல இருந்து வர்ற மனுகா தேன்ல ஹைட்ரஜன் பெராக்சைடை நம்பாம மெத்தில்கிளையாக்சால்ங்கற பொருள்தான் கிருமியைக் கொல்லுது, ஆனா அதே பொருள் சுகர்காரங்க உடம்புல அதிகமாகி ரத்தக் குழாயைக் கெடுக்கற பட்டியல்லயும் இருக்கு, அதனால சுகர் புண்ணுக்கு மனுகா சரிதானான்னு கேள்வி எழுப்பினவங்களும் உண்டு. அது விலை அதிகம்ங்கறதால நல்லதா இருக்கும்னு நினைக்காதீங்க.

மகரந்தத்தைப் பத்திச் சொல்ல பெருசா இல்ல. தேனீ விஷம் விஷயம் கொஞ்சம் ஆபத்து, அதோட உலர்ந்த எடையில சுமாரா பாதி மெலிட்டின்னு 26 அமினோ அமிலம் உள்ள ஒரு சின்னப் புரதம், லேப்ல அது கட்டி செல்லையும் ரத்தக் குழாய் முளைப்பையும் அடக்குது, ஆனா அது செல் சவ்வையே ஓட்டை போடற பொருள், நல்ல செல்லையும் விடாது. "தேனீ கொட்டு வைத்தியம்"னு போய் அலர்ஜி அதிர்ச்சியில உயிரே போன சம்பவம் இருக்கு, அந்தப் பக்கமே போகாதீங்க.

லேப்ல நடந்தது நம்ம உடம்புல நடக்குமாங்கறதுதான் அடுத்த கேள்வி. லேப் தட்டுல கேப்பை நேரா செல் மேலயே ஊத்தறாங்க. நீங்க புரோபோலிஸ் சொட்டு விட்டுக் குடிச்சா அது வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் தாண்டணும், கல்லீரல் இந்த மாதிரி பொருளைப் பார்த்ததும் அதோட இன்னொரு சின்ன மூலக்கூறை மாட்டி சிறுநீர்ல அனுப்பற வேலையை ஆரம்பிச்சுடும், எலி ரத்தத்துல கேப் சில மணி நேரத்துலயே உடைஞ்சு காஃபியிக் ஆசிடா மாறிடுதுன்னும் பார்த்திருக்காங்க. அதனால தட்டுல தடுத்த அதே அளவு உங்க கண்ணுக்கோ கட்டிக்கோ போய்ச் சேருதுன்னு எடுத்துக்க முடியாது. புரோபோலிஸ் குடிச்சு மனுஷங்களுக்குப் புற்றுநோய்க் கட்டி சுருங்கிச்சு, இல்ல சுகர் கண் நோய் நின்னுச்சுன்னு நம்பி மருந்தை விடற அளவுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

நேரா புண்ணு மேல போட்டா கதை வேற. 2014ல ஆஸ்திரேலியாவுல சுகர் பாதப் புண்ணு மேல புரோபோலிஸ் தடவி ஒரு சின்ன ஆய்வு நடந்துச்சு, புண்ணு வேகமா சுருங்கிச்சு. ரத்தக் குழாயைத் தடுக்கற பொருள் புண்ணை எப்படி ஆத்தும்னு உங்களுக்கு இப்ப கேள்வி வரும், வரணும். பதில் அனேகமா இதுதான்: பழைய சுகர் புண்ணு அழற்சி கட்டத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கும், வெள்ளணுக்கள் விடற நொதிகள் புதுசா வர்ற திசுவையே தின்னுக்கிட்டு இருக்கும், புரோபோலிஸ் அந்த அழற்சியையும் கிருமியையும் குறைச்சா உடம்பு தானா அடுத்த கட்டத்துக்கு, அதாவது குழாய் முளைக்கற கட்டத்துக்குப் போகும். தட்டுல செல் மட்டும்தான் இருக்கு, புண்ணுல வெள்ளணு, கிருமி, நரம்பு எல்லாம் சேர்ந்து இருக்கு, அதனாலதான் ரெண்டு ரிசல்ட்டும் ஒத்துப்போகல.

வீட்டுல என்ன பண்ணலாம்னு கேட்டா நான் சொல்றது இதுதான். சமையலறைத் தேனை ஆறாத புண்ணுல தடவாதீங்க, ஆஸ்பத்திரியில போடற மருத்துவத் தேன் காமா கதிர்ல வச்சு கிருமி விதைகளை, அதாவது கிருமி தூங்கற நிலையில இருக்கற ஸ்போர்களை, அழிச்சது, நம்ம ஜாடித் தேன் அப்படி இல்ல. அதே கிருமி விதைக் காரணத்தாலதான் ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு நாக்குல கூட தேன் தொட்டு வைக்கக்கூடாது, பாட்டி சொன்னாலும் சரி. சுகர் இருக்கறவங்க "இயற்கைச் சர்க்கரை"ன்னு தேனை அள்ளிச் சாப்பிட்டா, அதுல சுமாரா 80 சதவீதம் சர்க்கரைதான், கண்ணுல குழாய் முளைக்க வைக்கற பிரச்சினையை அதுவே கூட்டிடும். தேனீ கொட்டினா ஊதற உடம்பு, ஆஸ்துமா உள்ளவங்க ராயல் ஜெல்லியை ரொம்ப யோசிச்சுத்தான் தொடணும், மூச்சு அடைச்சு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க ராயல் ஜெல்லி சேர்த்து எடுத்து ரத்தக் கசிவு வந்ததாவும் பதிவு இருக்கு. கண்ணுல ஊசி போட்டுக்கறவங்க, கீமோ எடுக்கறவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் புரோபோலிஸ் சொட்டோ கேப்ஸ்யூலோ எடுத்துக்கிட்டு இருந்தா அந்தப் பாட்டிலைக் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, "சும்மா தேன் சமாச்சாரம்தானே"ன்னு சொல்லாம விட்டுடாதீங்க.